முதல் அகப்பைச் சோறு

1965, மாசி மாதம். திண்டுக்கல்லில் பேகம்பூரை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். கணவருக்குப் புகையிலைக் கிட்டங்கியில் வேலை. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஆனால் இருட்டிவிட்டால் கால் வீட்டில் தங்காது. மாசி பிறந்தால் சுற்றுவட்டாரமெல்லாம் திருவிழா, விடிய விடிய நாடகம். வேடசந்தூர் பக்கம் ஒரு நாள், நத்தம் பக்கம் ஒரு நாள் என்று கூட்டாளிகளோடு சைக்கிளில் கிளம்பிவிடுவார். நாடகம் இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது டூரிங் கொட்டகையில் இரண்டாவது ஆட்டம்.

நான் சோற்றை மூடி வைத்துவிட்டு, நானும் சாப்பிடாமல், கதவருகே உட்கார்ந்து கோபத்தை வளர்ப்பேன். அதில் நான் பெரிய கெட்டிக்காரி. வந்ததும் சண்டைக்குப் பிடித்துக்கொள்வேன். அவர் காதில் எதுவும் ஏறாது, படுத்துத் தூங்கிவிடுவார்.

அடுத்த வீட்டில் ஓர் அக்கா இருந்தார். பர்மாக்காரப் பெண், கணவர் நம் ஊர்க்காரர். ரங்கூனில் வீடு, கடை எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவர்கள். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். தமிழ் நன்றாகப் பேசுவார். சிரிப்பு அதைவிட நன்றாக வரும். அத்தனையையும் இழந்தவருக்கு எங்கிருந்து வருகிறது இந்தச் சிரிப்பு என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

அவரிடம் ஒரு பழக்கம். விடியுமுன் எழுந்து உலை வைப்பார். காலையில் பழைய சோறு தின்கிற எங்கள் தெரு அதை வேடிக்கை பார்த்தது. அவர்கள் ஊரில் முதல் அகப்பைச் சோறு காலையில் வரும் புத்த பிட்சுகளுக்குத்தானாம். திண்டுக்கல்லில் பிட்சுவுக்கு எங்கே போவது? அதனால் சந்தில் முதலில் வருகிறவருக்குக் கொடுப்பார். தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்குப் போகிறவர், காய்கறி வண்டிக்காரர், யாரானாலும் சரி. கொடுத்துவிட்டு அவர்தான் கும்பிடுவார், வாங்கியவர் இல்லை.

ஒரு நாள் அவரிடம் கேட்டேவிட்டேன். "அக்கா, ஒங்க சாமிகிட்ட ஏதாச்சும் மந்திரம் இருந்தாச் சொல்லுங்க. இந்த மனுசன் ராத்திரியில வீட்ல தங்கணும்."

"ரங்கூன்ல நானும் விடிய விடிய கூத்துப் பாத்தவதான் தங்கச்சி" என்று சிரித்தார். "பாக்குற வரைக்கும் நல்லாத்தான் இருக்கும். விடிஞ்சா இன்னொண்ணு வேணும்னு இருக்கும். தீராத தாகம் அது. அவரு சந்தோசத்தை நாடகத்துல தேடுறாரு. நீங்க அவரு வர்ற வழியில தேடுறீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே தாகந்தான்."

எனக்குச் சுருக்கென்றது. ஊர் சுற்றுகிற மனுஷனையும் வீட்டில் கிடக்கிற என்னையும் ஒன்றாக்கிவிட்டாரே! இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அந்த வாரமே எனக்குக் காய்ச்சல் வந்தது. "இன்னைக்கு மட்டும் இருங்க" என்று கணவரிடம் வாய்விட்டுக் கேட்டேன். "செத்த நேரத்துல வந்துர்றேன்" என்று போனவர் நடுச்சாமம் ஆகியும் வரவில்லை. டிரங்குப் பெட்டியில் சேலைகளை எடுத்து வைத்தேன். முதல் பஸ்ஸில் நத்தம், அம்மா வீடு. இனித் திரும்புவதில்லை. அப்படி முடிவு செய்த பிறகு அழுகைகூட வரவில்லை.

வெளுக்கிற நேரத்தில் பெட்டியும் கையுமாக அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர் தடுக்கவில்லை. ஆவி பறக்கும் சோற்றுக் கிண்ணத்தை என் கையில் வைத்தார். "போறதுன்னா போங்க. இன்னைக்கு இதை மட்டும் நீங்க குடுத்துட்டுப் போங்க. மொதல்ல வர்றவங்களுக்கு. யாருன்னு பாக்கக் கூடாது."

பெட்டியை அவர் வாசலில் வைத்துவிட்டுச் சந்து முனையில் நின்றேன். முதலில் வந்தது ஒரு சைக்கிள். அதில் என் கணவர்!

என்னையும் கிண்ணத்தையும் பார்த்ததும் பிரேக் பிடித்தார். தலையில் எறியப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். வேறொரு நாளாக இருந்தால் எறிந்தும் இருப்பேன். அக்காவிடம் ஒப்புக்கொண்டுவிட்டேனே! இரண்டு கையாலும் நீட்டினேன்.

"என்னது இது?"

"மொதல்ல வர்றவங்களுக்குக் குடுக்கணும். வாங்கிக்கங்க."

வெறும் சோறு, தொட்டுக்கொள்ள ஒரு வெஞ்சனமும் இல்லை. நின்றபடியே அள்ளி அள்ளித் தின்றார். "ராத்திரி ஒண்ணும் திங்கலை" என்றார். அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். கண் சிவந்து, புழுதி அப்பி, பசியில் வாடிப்போயிருந்தது. தினமும் இவர் சந்தோஷத்தை அள்ளிக்கொண்டு வருகிறார் என்றல்லவா நான் வயிறெரிந்துகொண்டிருந்தேன்! பாவமாக இருந்தது. அக்கா செய்வதைப்போல என்னை அறியாமல் கும்பிட்டேன். அந்த நிமிஷம் உள்ளே கோபத்தைத் தேடினேன்; காணோம். அப்படி ஒரு லேசான மனசு அதற்கு முன் எனக்கு வாய்த்ததில்லை.

அவர் கை அப்படியே நின்றது. "காய்ச்சலோட ஒன்னைய விட்டுட்டுப் போனவன் நான். என்னையப் போயிக் கும்பிடுறியே" என்றார். அக்கா வீட்டு வாசலில் இருந்த பெட்டி அவர் கண்ணில் பட்டது. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு நடந்தார்.

மறுநாளே திருந்திவிட்டார் என்று சொன்னால் அது பொய். அடுத்த வாரமே நாடகத்துக்குப் போனார். மாறியது முதலில் நான்தான். நேரத்துக்குச் சாப்பிட்டேன், நிம்மதியாகத் தூங்கினேன், விடியுமுன் எழுந்து உலை வைத்தேன். சண்டை போட ஆளில்லாத வீட்டுக்கு அவர் சீக்கிரமே வர ஆரம்பித்தார். பிறகு வருடத்துக்கு ஒன்றிரண்டு நாடகம் என்று ஆனது. அதற்கும் என்னையும் கூட்டிக்கொண்டுதான் போவார்.

அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. துக்கம் இல்லாமலா இருக்கும்? ஆனாலும், இனி வரவே மாட்டார் என்று தெரிந்த பிறகும் என்னால் எழுந்து, சமைத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சிரித்துப் பேசி நாளைக் கழிக்க முடிகிறதென்றால், என் சந்தோஷத்தை இன்னொருவர் வருகையில் கட்டிப்போட்டிருந்த முடிச்சை அவிழ்த்துவிட்ட அந்த விடியற்காலைதான் காரணம்.