காலை ஒன்பது முதல் பத்து வரை

நித்தியகல்யாணி என்று அவளுக்குப் பெயர் வைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது சொன்னால் மழுப்புகிற மாதிரி இருக்கும்.

எங்கள் கல்யாண மண்டபத்தில் பத்தொன்பது வருஷமாகப் பூ அலங்காரம் என் பொறுப்பு. அவள் அலுவலகத்தில் இருந்தாள். வருகிறவர்களோடு பேசி, நாள் குறித்து, எது எத்தனை மணிக்கு என்று அட்டவணை போட்டுக் கொடுப்பது அவள் வேலை. சேரும்போது அவளுக்கு இருபத்தைந்து வயது. அப்பா இல்லை. தம்பிகள் இரண்டு பேர் படிப்பு முடியட்டும் என்று கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள். பிறகு அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது, அதற்காகத் தள்ளிப்போட்டாள். அதற்குப் பிறகு தள்ளிப்போடுவதற்குக்கூட யாரும் கேட்டு வரவில்லை.

அவள் சேர்ந்த இரண்டாவது மாதம் ஒரு போட்டோக்காரர் மேடையில் லைட் சரிபார்க்க வந்தார். கல்யாணப்பெண் வரவில்லை. "நீங்க கொஞ்சம் நில்லுங்களேன்" என்று இவளைக் கூப்பிட்டு நிறுத்தினார். அவள் உயரமும் இல்லை குட்டையும் இல்லை, சிவப்பும் இல்லை கறுப்பும் இல்லை. "எந்தப் பொண்ணுக்கும் ஒத்துப்போற உடம்பு" என்று அந்த ஆள் பாராட்டினார். அதைப் பாராட்டு என்று அவளும் எடுத்துக்கொண்டாள். அதோடு ஆரம்பித்தது. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முன்னால் பெண் நிற்கும் இடத்தில் அவள் இருபது நிமிஷம் நிற்பாள். மாப்பிள்ளை இடத்தில் காவல்காரரோ டிரைவரோ, கையில் கிடைத்த ஆண் நிற்பான். மாப்பிள்ளை மாறிக்கொண்டே இருப்பான், பெண் மட்டும் மாறமாட்டாள்.

மண்டபத்தின் பின்சுவர் ஓரம் நித்தியகல்யாணிச் செடி ஒன்று உண்டு. யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை, பூக்காத நாளும் இல்லை. ஆனால் அந்தப் பூவை மேடையில் வையுங்கள் என்று ஒருத்தரும் என்னிடம் கேட்டதில்லை. அதைப் பார்த்துத்தான் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தேன். ஆபீஸ் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். ஒரு வாரத்தில் மேனேஜரே மைக்கில் "நித்தி, ஸ்டேஜுக்கு வாம்மா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அவளும் ஒன்றும் பூஞ்சை மனசுக்காரி இல்லை. அவள் அட்டவணையில் பெண்ணின் அம்மா அழுவதற்குக்கூடப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருப்பாள். பதினோராவது நிமிஷம் போய்க் கைக்குட்டையை நீட்டி, "அம்மா, அடுத்த ஐட்டம் காத்துட்டிருக்கு" என்பாள். ஒரு பெண்ணின் அப்பா குரல் தழுதழுக்கப் பேசிக்கொண்டிருந்தபோது, நேரம் முடிந்தது என்று மைக்கை அணைத்துவிட்டாள். மனுஷன் வாயைத் திறந்தபடி நின்றார். எனக்கே பொறுக்கவில்லை.

பூவுக்கும் அவள்தான் மணி வைத்திருந்தாள். லில்லி இரண்டு நாள் முன்னாடி மொட்டாக வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து விரியவிடுவேன். விரிய விரிய உள்ளே இருக்கும் மகரந்தக் காம்புகளைக் கிள்ளி எடுக்க வேண்டும், இல்லையென்றால் பெண்ணின் உடுப்பில் துருக்கறை மாதிரி மஞ்சள் ஒட்டிக்கொள்ளும். ரோஜா முதல் நாள் வரும். மாலை ஆறு மணிக் கல்யாணம் என்றால் மேடையில் பூ ஏறுவது மதியம் ஒரு மணிக்கு. அதற்கு முன்னால் ஏற்றினால் விளக்குச் சூட்டில் ஏழு மணிக்கெல்லாம் தலையைத் தொங்கப்போட்டுவிடும். இந்த விதியைச் சிவப்பு எழுத்தில் எழுதி என் அறைக் கதவில் ஒட்டியவள் அவள். அதனால்தான் அந்த வியாழக்கிழமை அட்டவணையில் 'மேடைப் பூ: காலை எட்டரை' என்று இருந்ததைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது.

"என்னடி இது, எட்டரைக்கு வெச்சா சாயங்காலம் லில்லி தாங்குமா?"

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "அக்கா, அன்னைக்குக் காலைல ஒன்பதுலேருந்து பத்து வரைக்கும் ஹால் எனக்கு. மேனேஜர் குடுத்திருக்காரு. வெறும் மேடையில நின்னு கையெழுத்துப் போட எனக்கு மனசு வரல. பூவோட ஒரே ஒரு போட்டோ வேணும்."

மாப்பிள்ளை யார் என்று எனக்குத் தெரியும். லிஃப்ட் பழுது பார்க்க வருகிறவர். நாற்பத்தாறு வயது, அதிர்ந்து பேசாத ஆள். போன வருஷம் இவள் லிஃப்டில் மாட்டிக்கொண்டபோது, மேலே இருந்து ஸ்பானரைத் திருகிக்கொண்டே நாற்பது நிமிஷம் இவளோடு பேச்சுக் கொடுத்தாராம். அதற்குப் பிறகு அந்த லிஃப்டுக்கு மாதம் இரண்டு முறை உடம்புக்கு வந்தது. "லிஃப்டுக்குக் காய்ச்சலா, உனக்கா?" என்று நானும் விடாமல் கிண்டல் பண்ணினேன். உள்ளுக்குள் எனக்குப் பொறாமை. என் வீட்டுக்காரர் என்னோடு மொத்தமாக நாற்பது நிமிஷம் பேசிப் பல வருஷம் ஆகிறது.

அன்று மாலை மேடை வேறொரு கல்யாணத்துக்கு. காலையிலேயே பூ எதற்கு என்று அவர்கள் கேட்பார்களே. அதற்கும் அவள் வழி வைத்திருந்தாள். அவர்களுக்குக் கொடுத்த அட்டவணையில் 'லைட் பார்ப்பது: காலை பதினொன்று' என்று எழுதிவிட்டாள். வழக்கமாக அது மூன்று மணிக்கு. பதினாறு வருஷத்தில் அவள் அட்டவணையில் எழுதிய ஒரே பொய் அது. பத்துக்குத் தன் கல்யாணம் முடிந்துவிடும், பதினொன்றுக்கு அவர்கள் வருவார்கள், யாருக்கும் நஷ்டமில்லை என்று கணக்குப் போட்டாள்.

வியாழக்கிழமை எட்டரைக்கு நான் பூவை முடித்துவிட்டேன். லில்லி அப்போதுதான் வாய் திறந்திருந்தது. சாயங்காலம் ஏச்சு வாங்கப் போவது நான்தான் என்று அவளிடம் மூன்று தடவை சொல்லிக்காட்டினேன். சும்மா செய்துகொடுக்க எனக்கு வராது. வெங்காயச் சருகு நிறத்தில் சேலை கட்டி வந்திருந்தாள். நாற்பத்தொரு வயது என்று யாரும் சொல்லமாட்டார்கள். சக்கர நாற்காலியில் அம்மா, தம்பிகள், தம்பி மனைவிகள், மாப்பிள்ளையின் அக்கா, எங்கள் ஆட்கள் என்று பதினோரு பேர். மாப்பிள்ளை நகக்கண்ணில் இருந்த கிரீஸைத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. கல்யாணப் பதிவாளர் ஒன்பதே காலுக்கு வருவதாகவும், பத்தரைக்கு வேறு இடம் இருப்பதால் பத்துக்கு முன்னால் கிளம்பிவிடுவதாகவும் ஏற்பாடு.

ஒன்பது பத்துக்கு மாலைக் கல்யாணத்துப் பெண்ணின் அம்மா உள்ளே வந்தாள். பின்னால் அவர்களுடைய மாப்பிள்ளைப் பையன், போட்டோக்காரர், இரண்டு லைட்காரர்கள்.

"பதினொண்ணுக்கு எனக்கு மேக்கப் போட ஆள் வருது. அதான் லைட்டை இப்பவே பாத்துட்டுப் போயிடலாம்னு வந்துட்டோம்" என்றாள். பொண்ணு வரலையா என்று மேனேஜர் கேட்டார். அவள் தூங்குகிறாளாம்.

எங்கள் மேனேஜருக்கு முதுகெலும்பு என்று ஒன்று கிடையாது. "பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்ல மேடம்?" என்று கேட்டார்.

"அஞ்சு நிமிஷம் போதும்."

"பொண்ணு இடத்துல யாராவது நிக்கணுமே" என்றார் போட்டோக்காரர்.

நான் ஏணி மேல் இருந்தேன், கையில் கத்தரிக்கோல். மேனேஜர் ஒரு நொடி சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த நொடியில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"ஆளைத் தேடுவானேன்? நித்தியகல்யாணிதான் டிரெஸ் பண்ணிட்டு ரெடியா வந்து நிக்கிறாளே" என்றேன்.

கிண்டலுக்குத்தான் சொன்னேன். எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை, "ஆமால்ல. நித்தி, சட்டுனு ஏறிடும்மா" என்றார். அவள் சிரித்துக்கொண்டே பூச்செண்டை அம்மா மடியில் வைத்துவிட்டு நாலு படி ஏறினாள். யாரும் அவளைத் தள்ளவில்லை.

அஞ்சு நிமிஷம் இருபது ஆனது, இருபது நாற்பது ஆனது. லைட் போட்டதும் லில்லி மஞ்சளடிக்கிறது என்றாள் அந்த அம்மா. ரோஜாவை மேலே ஏற்று, லில்லியைக் கீழே இறக்கு என்றாள். ஏற்றினேன், இறக்கினேன். அந்தப் பையன் ஒரு கையில் போனைப் பார்த்தபடி இவள் பக்கத்தில் நின்றான். போட்டோக்காரர் முகவாயைத் தூக்கச் சொன்னார், தூக்கினாள். இடது பக்கம் திரும்பச் சொன்னார், திரும்பினாள்.

"சும்மா நிக்கிறதுக்கு எதுக்கு இவங்க இவ்வளவு அலங்காரம் பண்ணிட்டு வந்திருக்காங்க?" என்று அந்த அம்மா கேட்டாள்.

அவங்களுக்கு இன்னைக்குக் கல்யாணம் என்று ஒரு வார்த்தை சொல்ல மேனேஜருக்கு என்ன கேடு? "எங்க ஸ்டாஃப் எப்பவுமே நீட்டா இருப்பாங்க மேடம்" என்றார். மேடையில் அவள் சிரிப்பு அப்படியே இருந்தது.

பதிவாளர் வந்து முன் வரிசையில் உட்கார்ந்து, தடிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். லிஃப்ட்காரர் மேடைப் படியோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து அவளையே பார்த்தபடி நின்றார். இப்போது கூப்பிடுவார், இப்போது கூப்பிடுவார் என்று நானும் ஏணியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நானே இறங்கிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ரோஜாவுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தேன்.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பதிவாளர் எழுந்தார்.

"சார், ஒரு அஞ்சு நிமிஷம்" என்றார் லிஃப்ட்காரர்.

"அங்க இருநூறு பேர் காத்துட்டிருக்காங்க தம்பி. திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்துடுங்க, கூட்டம் இருக்காது."

மேடையில் நின்றால் வாசல் நேராகத் தெரியும். பதிவாளர் போவதை அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை நான் பார்த்தேன். போட்டோக்காரர் "அப்படியே, அசையாதீங்க" என்றார். அவள் அசையவில்லை.

பத்து மணி பத்து நிமிஷத்துக்கு எல்லாம் முடிந்தது. அந்த அம்மா இவள் கன்னத்தில் தட்டி, "ரொம்ப ஒத்துழைச்சம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். இவள் கீழே இறங்கி வந்தாள். லிஃப்ட்காரர் தாழ்ந்த குரலில்தான் கேட்டார்.

"நான் ஒரு குரல் குடுத்திருந்தா இறங்கி வந்திருப்பீங்களா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். எதைக் கேட்டாலும் சரியான பதில் சொல்லிப் பழகியவள்.

"தெரியல. மேல ஏறி நின்னதும் இன்னைக்கு எனக்குத்தான் கல்யாணம்ங்கிறதே மறந்துபோச்சுங்க. பதிவாளர் கிளம்பினப்பகூட, யாரோட கல்யாணமோ லேட்டாகுது போலன்னுதான் தோணுச்சு."

அவர் முகத்தில் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரிங்க" என்றார். சட்டைப் பையில் செருகியிருந்த புதுப் பேனாவுக்கு மூடி சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். அக்காவைக் கூட்டிக்கொண்டு படி வழியாக இறங்கிப் போய்விட்டார்.

மேனேஜர் விடவில்லை, வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாமே பாவி. அந்த மனுஷன் நம்பியிருப்பார். நின்றிருப்பார். அவள் உண்மையைச் சொன்னாள், அது உண்மை என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. சின்னத் தம்பி மனைவி, "நல்லவேளை, பரிசைப் பிரிக்கல" என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தைத் திரும்பப் பையில் வைத்தாள். அம்மாவைத் தள்ளிக்கொண்டு அவர்களும் கிளம்பினார்கள்.

அன்று மாலைக் கல்யாணத்தை அதே சேலையோடு அவள்தான் நடத்தினாள். ஒரு நிமிஷம் பிசகவில்லை. ஏழு மணிக்கு லில்லி தொங்கியது. பெண்ணின் அம்மா என்மேல் பாய்ந்தாள். "காலைலயே வைக்கச் சொல்லி எழுதினது நான் இல்லைங்க, ஷெட்யூல் போட்டவங்களைக் கேளுங்க" என்று கையைக் காட்டிவிட்டேன். மறுநாள் மேனேஜர் விளக்கம் கேட்டு அவளுக்குக் கடிதம் கொடுத்தார். பதில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, அடுத்த வார ரோஜா எத்தனை கட்டு என்று என்னிடம் கேட்டாள். திங்கட்கிழமை லீவு போட்டாள். செவ்வாய்க்கிழமை வந்தாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கும்.

இரண்டு வாரம் கழித்து வேறொரு கல்யாணத்துக்குப் பதிவாளர் வந்திருந்தார். டீ குடித்துக்கொண்டே என் பக்கம் வந்தார்.

"அன்னைக்கு இங்க கல்யாணம் நின்னுபோச்சே, அந்தம்மா திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்திருந்தாங்க. பூட்டற வரைக்கும் பெஞ்சுல உட்கார்ந்திருந்தாங்க. அந்த ஆளு வரவே இல்ல."

நான் வாளியில் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"சாட்சிக்குக்கூட ஆள் கூட்டிட்டு வரலையாம்மான்னு கேட்டேன். எங்க ஆபீஸ்ல பூ வைக்கிற அக்கா இருக்காங்க, அவர் வந்ததும் ஒரு போன் போட்டா ஓடி வந்துடுவாங்க, அவங்களுக்கு என்மேல ரொம்பப் பிரியம்னு சொன்னாங்க. அது நீங்கதானா?"

நான்தான் என்றேன். அந்தத் திங்கட்கிழமை எனக்கும் லீவுதான். நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தேன்.