புகை மாஸ்டரின் மூக்கு

எங்கள் பார்க்கில் சாப்பாட்டுக் கடைகள் ஏழு. ஏழிலும் பார்பிக்யூ ரிப்ஸ் என்று பலகை தொங்கும். ஆறு கடைகளில் கிடைப்பது வெந்நீரில் வேகவைத்த விலா எலும்பு. அதன் தலையில் அரை பாட்டில் இனிப்பு சாஸைக் கொட்டித் தள்ளிவிடுவார்கள். ரோலர் கோஸ்டரில் குடல் வாய்க்கு வந்து இறங்குகிறவன் எதைக் கொடுத்தாலும் தின்பான் என்ற நினைப்பு. ஏழாவது கடை ராட்சத ராட்டினத்துக்குப் பின்னால், கழிவறைகளையும் தாண்டி, யார் கண்ணிலும் படாத மூலையில் இருந்தது. அங்கேதான் என் அண்ணன் பன்னிரண்டு வருஷம் விலாவுக்குப் புகை போட்டான். நல்ல ரிப்ஸ் எங்கே கிடைக்கும் என்று யாராவது கேட்டால், நுழைவாயில் காவலாளி வரைபடத்தை எடுக்கவே மாட்டார். "புகை வர்ற பக்கமா மூக்கைப் புடிச்சுக்கிட்டே போங்க" என்பார்.

அண்ணனை எல்லோரும் புகை மாஸ்டர் என்பார்கள். அவன் இறக்கிவைக்கும் கறியை அறுத்துத் தட்டில் வைத்து ஜன்னல் வழியே தள்ளுவது என் வேலை. தங்கச்சி என்று சலுகையெல்லாம் கிடையாது. எலும்பில் கத்தி இடறினால் எல்லார் எதிரிலும் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

வேலையில் அவ்வளவு கறார். விலாவின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சவ்வை ஒரே இழுப்பில் உரிப்பான். மசாலா தடவி, புகைப்பெட்டியில் ஐந்து மணி நேரம் வைப்பான். பிறகு இடுக்கியால் தூக்கிப் பிடிப்பான். இரண்டு பக்கமும் வளைந்து தொங்கி மேலே லேசாக வெடிப்பு விட வேண்டும், எலும்பு நுனியில் கறி ஒரு நகத்தளவு பின்வாங்கியிருக்க வேண்டும். இத்தனையும் பார்த்துவிட்டுக் கடைசியில் மூக்கைக் கேட்பான். ஒரு மூச்சு இழுத்து "இன்னும் அரை மணி" என்றால் அரை மணிதான்.

அந்த மூக்கோடு குடித்தனம் நடத்திய அண்ணியின் பாடுதான் திண்டாட்டம். "உப்பு தூக்கல்." "வெங்காயம் ஒரு நிமிஷம் கூடுதலா வதங்கிடுச்சு." "எண்ணெய் பழசு." கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அண்ணி சமைத்ததை அவன் ஒருநாள்கூட நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. அண்ணி பதில் பேச மாட்டார். எழுந்துபோய்ப் பாத்திரங்களைச் சத்தமாகத் தேய்ப்பார்.

போன வருஷம் அண்ணனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுத்து எழுந்து வேலைக்கு வந்தான். வந்த மூன்றாம் நாள் அவன் ஏப்ரன் நுனி தணலில் பட்டுக் கருகியது. பாத்திரம் கழுவுகிறவர் கடைசி மூலையிலிருந்து ஓடி வந்து தண்ணீர் ஊற்றினார். அதைக் கட்டிக்கொண்டிருந்தவனோ ஒன்றுமே நடக்காதது போல மசாலா தடவிக்கொண்டிருந்தான்.

எனக்குச் சுருக்கென்றது. அவனைச் சரக்கு அறைக்குள் இழுத்துப் போய்க் கண்ணை மூடச் சொன்னேன். மூக்குக்கு நேரே வினிகர் பாட்டிலைத் திறந்து பிடித்தேன்.

"என்ன இது?"

"தண்ணி."

காபித்தூளைப் பிடித்தேன். அதற்கும் தண்ணி என்றான். பிறகு கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தான். என் அண்ணன் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததே இல்லை.

"யாருகிட்டயும் சொல்லாதே. வந்துடும்."

வரவில்லை. டாக்டர் ஆறு மாதம் பார்க்கலாம் என்றார், பிறகு ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார். விஷயம் வெளியே தெரிந்தால் அடுப்பு கைவிட்டுப் போகும். அந்த அடுப்பை விட்டால் அவனுக்கு வேறு எதுவும் தெரியாது. ஆகவே நான் அவனுக்கு மூக்கானேன்.

பதம் பார்க்க அவனுக்குக் கண்ணும் கையும் போதும். கெட்ட கறியைக் கண்டுபிடிக்கத்தான் மூக்கு வேண்டும். காலை ஆறு மணிக்குக் கறி வண்டி வரும். நான் ஒவ்வொரு பையின் மூலையையும் வெட்டி முகர்ந்து பார்ப்பேன். நல்லது குளிர்பெட்டியின் மேல் தட்டுக்குப் போகும். சந்தேகமானது கீழ்த் தட்டில் கிடக்கும், மறுநாள் வண்டியில் திருப்பி அனுப்புவோம். வாயால் ஒரு வார்த்தை பேசுவதில்லை, யார் காதிலாவது விழுந்தால் கதை கந்தல். அவன் ஏழு மணிக்கு வந்து மேல் தட்டைக் காலி செய்வான். எட்டு மாதம் இப்படியே ஓடியது. வந்தவர்கள் மூக்கு முட்டத் தின்றுவிட்டு மாஸ்டரைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனார்கள்.

வீட்டில் வேறு கூத்து. வாசனையோடு ருசியும் போயிருந்தது. குறை சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து எதை வைத்தாலும் "நல்லா இருக்கு" என்று சொல்ல ஆரம்பித்தான். அண்ணி முதல் நாள் காதையே நம்பவில்லையாம். பிறகு ஆளே மாறிப்போனார். புதுசு புதுசாகச் செய்தார், சமைக்கும்போது பாட்டு முணுமுணுத்தார். "உங்க அண்ணன் இப்ப ரொம்ப மாறிட்டாரு. காய்ச்சல் வந்தாலும் வந்துச்சு, மனுஷன் நல்லவராயிட்டாரு" என்று என்னிடம் சிரித்தார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தேன்.

அந்த நாள் ஒரு விடுமுறை நாள். காலையில் இரண்டு பைகளில் புளித்த வாடை அடித்தது. கீழ்த் தட்டில் வைத்தேன். நிமிர்வதற்குள் சூப்பர்வைசர் வந்து, ஐஸ்கிரீம் கவுண்ட்டரில் ஆள் வரவில்லை, இன்றைக்கு அங்கே நில் என்று அனுப்பிவிட்டார். அண்ணன் இன்னும் வந்திருக்கவில்லை. கீழ்த் தட்டைத்தான் அவன் தொடவே மாட்டானே என்று நானும் நிம்மதியாகப் போனேன். நான் போன பிறகு, அண்ணன் வருவதற்குள், சுகாதாரச் சோதனைக்கு ஆள் வருகிறார்கள் என்று குளிர்பெட்டியைக் கழுவச் சொல்லியிருக்கிறார் சூப்பர்வைசர். கழுவியவர்கள் எல்லாப் பைகளையும் அழகாக ஒரே வரிசையாக மேல் தட்டில் அடுக்கிவிட்டார்கள்.

மதியம் ஒரு மணி இருக்கும். என் கவுண்ட்டருக்கு எதிரேதான் எங்கள் கடையின் மேசைகள். ஒரு அப்பாவும் மகளும் வந்து உட்கார்ந்தார்கள். பார்க்கில் இரண்டு கடைகளில் ரிப்ஸ் வாங்கிப் பாதியில் குப்பையில் போட்டுவிட்டு, காவலாளி சொல்லி இங்கே வந்ததாக அந்த அப்பா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். தட்டு வந்தது. எலும்பிலிருந்து கறியைப் பிய்த்து வாயில் வைத்தார். அடுத்த நொடி தாள் துண்டில் துப்பிவிட்டு மகளின் கையைத் தட்டிவிட்டார்.

"தொடாதே! கெட்டுப்போன கறி."

ஐஸ்கிரீம் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் சூப்பர்வைசர் வந்து தட்டை முகர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். மேலே மசாலாவும் புகையும் மூடியிருந்த கறி, பிய்த்ததும் வாடையைக் கக்கியது. உள்ளேயிருந்து அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். அவனைத் தடுக்க நான் வாய் திறப்பதற்குள் ஒரு எலும்பை எடுத்துக் கடித்து நிதானமாக மென்றான்.

"நல்லாத்தானே இருக்கு?"

அந்தச் சின்னப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு அவனையே பார்த்தாள். அப்போதுதான் அவன் சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தான், கடைசியில் என் முகத்தைப் பார்த்தான். மென்றதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றான்.

"மாஸ்டர், உங்களுக்கு நிஜமாவே தெரியலையா, இல்ல தெரிஞ்சேதான் போட்டீங்களா?" என்றார் சூப்பர்வைசர்.

நான் ஓரடி முன்னால் வைத்தேன். அண்ணன் என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினான், வேண்டாம் என்று.

"தெரிஞ்சுதான் சார். புகையில அடங்கிடும்னு நெனச்சேன்."

அடுப்பிலிருந்த கறி முழுவதும் குப்பைக்குப் போனது. கூடவே அவன் வேலையும் போனது. பன்னிரண்டு வருஷம் தொட்டு வேலை செய்த இடுக்கியைக்கூட எடுக்காமல், இருபது பேர் பார்க்க, பின்வாசல் வழியாகப் போனான். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அதற்காக என்னையே திட்டிக்கொள்கிறேன்.

பஸ்ஸில் அவனைப் பிடித்துக்கொண்டேன். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ஊரையே ஏமாத்தினவன்னு நீயே பேர் வாங்கிக்கிட்டியே!"

"ஏமாத்துக்காரனை நாளைக்கு யாராவது மன்னிச்சு வேலைக்கு வெச்சுப்பாங்க. மூக்கு போன மாஸ்டரை யாரு வெச்சுப்பா?" என்றான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "கையில கொஞ்சம் பிசுபிசுன்னு இருந்துச்சு. மேல் தட்டுல இருந்ததால, நீ பார்த்துட்டேன்னு விட்டுட்டேன்."

என்னை நம்பித் தன் கையை நம்பாமல் விட்டிருக்கிறான்.

"அண்ணிகிட்ட மூக்கைப் பத்திச் சொல்லிடாதே. அவ இப்பத்தான் சந்தோஷமா சமைக்கிறா."

வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. கடைக்காரர் ஒருவரின் மனைவி போன் செய்திருக்கிறாள். அண்ணி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"கெட்டுப்போன கறின்னு தெரிஞ்சே போட்டீங்களா? அதைச் சின்னக் குழந்தை வாயில வெச்சிருந்தா? என் சமையல்ல ஒரு கல்லு உப்பு கூடினா கண்டுபிடிச்சு மானத்தை வாங்கின நாக்கு, அங்க மட்டும் எங்க போச்சு?"

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்து நின்றான். சொல்லாதே என்று அவன் கேட்டது எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் பொறுக்கவில்லை, கத்திவிட்டேன்.

"நாக்கும் இல்ல, மூக்கும் இல்ல அண்ணி! காய்ச்சலோட எல்லாம் போச்சு. எட்டு மாசமாச்சு!"

அண்ணி என்னைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்தார். மேசையில் அவனுக்காக மூடிவைத்திருந்த சாப்பாடு இருந்தது. அதைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப நீங்க திட்டினதெல்லாம் நிஜம். நல்லா இருக்குன்னு சொன்னது மட்டும் பொய்யா?"

அன்று பாத்திரம் தேய்க்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

இப்போது அவன் ஒரு விறகுக் கிடங்கில் கட்டை பிரிக்கிறான். மன்னித்து அடுப்பு கொடுக்க யாரும் வரவில்லை. உண்மையைச் சொல்லப்போன என்னிடம் சூப்பர்வைசர், "பாவம்தான், ஆனா இதைக் கேட்ட பிறகு எப்படிம்மா கூப்பிட முடியும்?" என்றார். மூக்கு விஷயத்தில் அண்ணன் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. எங்கள் கடையிலும் இப்போது வெந்நீர்தான். நல்ல ரிப்ஸ் கிடைக்குமா என்று கேட்கிறவர்களிடம் சாஸ் நன்றாக இருக்கும் என்கிறேன்.

அண்ணன் வீட்டில் சாப்பாடு பேச்சில்லாமல் நடந்தது. எப்படி இருக்கு என்று அண்ணி கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை. இரண்டு மாதம் அப்படி. போன வாரம் நான் போயிருந்தபோது உருளைக்கிழங்கு வறுத்திருந்தார். அண்ணன் ஒரு துண்டைக் கடித்தான். கொஞ்சம் யோசித்து இன்னொன்றையும் கடித்தான்.

"மொறுமொறுன்னு வந்திருக்கு" என்றான்.

அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். "இதுவும் சும்மா சொல்றீங்களா?"

"இல்ல. காதுல கேக்குது."

அண்ணி இன்னும் நாலு துண்டை அவன் தட்டில் போட்டுவிட்டு, அவன் கடிப்பதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.