வாசலுக்கு அடங்காத குதிரை

கிடங்குத் தெருவில் முப்பது வருடம் மூட்டை இறக்கியவளுக்கு ‘டேப்பு அக்கா’ என்று பெயர். அங்கே எந்த வாசலின் அகலமும் அவளுக்கு அத்துப்படி. கிடங்குகளில் ஓவியர்களும் சிற்பிகளும் குடியேறியதும், "இனிமே உனக்கு இங்க என்ன வேலை?" என்றான் அவள் தம்பி.

ஒருநாள் ஒரு சிற்பி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். கிடங்குக்குள்ளேயே ஆறு மாதம் பாடுபட்டுச் செய்த இரும்புக் குதிரை, வெளியே கொண்டுபோக வாசலுக்குள் அடங்கவில்லை.

"காலை அறுத்துடவா அக்கா?"

"எதுக்கு? பின்சுவத்துல செங்கல் வச்சு அடைச்ச வாசல் இருக்கு. நாலு முழம். பஞ்சு மூட்டையெல்லாம் அது வழியாத்தான் போச்சு."

சிற்பி அளவெடுக்க டேப்பை உருவினார். அக்கா முறைத்ததும் பையில் போட்டுக்கொண்டார்.

செங்கல்லைப் பெயர்த்தார்கள். வேடிக்கை பார்த்த தம்பியை அக்கா கூப்பிட்டாள்.

"என்ன வேலைன்னு கேட்டியே, வந்து கயித்தைப் பிடி."

குதிரை கீறலில்லாமல் தெருவுக்கு வந்தது.