பஞ்சு பறக்கட்டும் என்றேன்

போன வருஷம் மார்கழியில், திருப்பதியில் பெண்கள் குழுத் தலைவிகளுக்கு ஐந்து நாள் பயிற்சி வைத்தார்கள். சத்தியவேடு பக்கத்தில் இருக்கும் எங்கள் இருளர் காலனியிலிருந்து நானும் என் ஓரகத்தியும் போனோம். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் அறுபது வயதுக்கு மேல் என்னைத் தலைவி ஆக்கிவிட்டார்கள். நாலு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

காலையில் ஒரு சார் வியாபாரப் பாடம் எடுத்தார். சரக்குக்கு எப்படிப் பேர் வைப்பது, வாங்க வருகிறவரிடம் எப்படிப் பேசுவது, குழுவை எப்படி நடத்துவது என்று. மத்தியானம் ஒரு மேடம். அவர் எங்களைச் சொல்லச் சொல்லி நோட்டில் எழுதிக்கொள்வார். எந்தச் செடி எங்கே வரும், எப்போது எடுப்போம், எதைத் தொடமாட்டோம் என்று. நமக்குத் தெரிந்ததெல்லாம் பாடமா என்று எனக்கு ஒரே சந்தோஷம்! சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு முதல் ஆளாகப் போய் உட்காருவேன். வாயை மட்டும் திறக்கமாட்டேன்.

கடைசி நாள் சர்பத் தயாரிக்கிற ஒருவரைக் கூட்டி வந்தார்கள். நாங்கள் விற்பது நன்னாரி வேர். அவர் ஒரு வேரை ஒடித்து மோந்து பார்த்தார்.

"பாகுந்தம்மா, ரொம்ப நல்லா இருக்கு! தை முடியறதுக்குள்ள பத்து மூட்டை குடுங்க. வருஷா வருஷம் உங்ககிட்டயே எடுத்துக்கிறேன்."

ஓரகத்தி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். இந்த ஆர்டர் கிடைத்தால் ஒருத்தியும் செங்கல் சூளைக்குப் போக வேண்டியதில்லை. நானும் தலையாட்டிவிட்டேன். சார் கை தட்டினார். கையெழுத்துப் போடப் பேனா கொடுத்தார்கள்.

பேனாவைப் பிடித்த பிறகுதான் உறைத்தது. தையில் கொடியில் காய் பச்சையாக இருக்கும். காய் வெடித்து, விதை பஞ்சோடு பறந்த பிறகுதான் எங்கள் ஆட்கள் தோண்டுவார்கள். அப்போதும் தாய்வேரை விட்டுவிட்டு, பக்கவேரை மட்டும் எடுத்துக் குழியை மூடுவோம்.

பேனாவைக் கீழே வைத்தேன். "தையில முடியாதுங்க."

ஓரகத்தி என் காதில் சீறினாள். "இன்னாக்கா, பைத்தியம் புடிச்சிக்கீதா? கையெழுத்து போடு!"

"நேத்து மேடம்கிட்ட பஞ்சு பறக்கணும்னு எழுத வச்சது யாரு, நானா? நீதான?"

அவசரத்தில் சத்தமாகவே வந்துவிட்டது. அறையே சிரித்தது. அந்தச் சிரிப்பில் என் வெட்கம் எங்கே போனதோ, எழுந்து நின்றுவிட்டேன்.

"அப்ப வேற ஊர்ல வாங்கிக்கட்டுமாம்மா?" என்றார் சர்பத்காரர்.

"வாங்கிக்குங்க சார். காயோட தோண்டுனா அடுத்த வருஷம் அங்க கொடி இருக்காது. எங்ககிட்ட மாசிக் கடைசியில வாங்க. கொஞ்சம் கொறைஞ்சாலும் வருஷா வருஷம் இருக்கும். நீங்கதான வருஷா வருஷம்னு கேட்டீங்க?"

அவர் சாரோடு வெளியே போய்விட்டார். ஓரகத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பன்னிரண்டு பேர் பிழைப்பைக் கெடுத்துவிட்டேனே என்று இருந்தது எனக்கு. மேடம் மட்டும் தன் நோட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் மேடத்தின் நோட்டோடு திரும்பி வந்த சர்பத்காரர் காகிதத்தில் 'தை' என்று இருந்ததை அடித்து 'மாசி' என்று எழுதினார். "ஆறு மூட்டைம்மா. மீதிய அடுத்த வருஷம் பாக்கலாம்."

எனக்குக் குதிக்கவேண்டும் போல் இருந்தது! ஓரகத்தி என் இடுப்பில் கிள்ளினாள். "பேசவே தெரியாதுன்னு இத்தினி நாளா எங்கள ஏமாத்திக்கினு இருந்தியா?"

ஆறு மூட்டைதான் என்பதால் நாலு பேர் அந்த வருஷமும் சூளைக்குப் போனார்கள். அது மனசை அறுக்கத்தான் செய்தது. ஆனால் மற்ற எட்டுப் பேரும் வீட்டிலேயே இருந்தார்கள். தெரிந்ததைச் சொல்லவும் பெரிய படிப்பு வேண்டும் என்று நினைத்தே இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன்; கூட்டத்தில் கை தூக்கும்போது இப்போதும் நடுங்குகிறது, ஆனாலும் தூக்குகிறேன்.