மிஷனரியைத் திரும்ப அழைக்கும் விதி

ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில் நெடுஞ்சாலையோரம் இருக்கும் சபைகளில் எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் வெளிநாட்டில் ஒரு மகன் இருப்பான், இல்லாவிட்டால் ஒரு மருமகள் இருப்பாள். மிஷனரி இருக்க மாட்டார். எங்கள் சபைக்கு ஒரு மிஷனரி இருந்தார். அதில் எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. கோயில் வாசலில் அவர் படம் போட்டு, ‘எங்கள் மிஷனரிக்காக ஜெபியுங்கள்’ என்று பெரிய பலகை வைத்திருந்தோம். பக்கத்துத் தெரு சபைக்காரர்கள் அந்த வழியாகப் போகும்போது தலையைத் திருப்பிக்கொண்டு போனதாக எங்கள் பொருளாளர் சொல்வார்.

மிஷனரி, மாதனூர் பக்கத்துப் பெண். நர்ஸ். சபையில் எல்லாருக்கும் அவர் சிஸ்டர். அம்மா செருப்புக் கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்த்துப் படிக்க வைத்தவர். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு மலையூர் மருத்துவமனைக்கு ஆள் வேண்டும் என்று மிஷன் சங்கம் கேட்டபோது, இந்தப் பெண் கை தூக்கினார். நாங்கள் அனுப்பினோம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

நான் பத்திரப்பதிவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற அரசு ஊழியனைச் சபை சும்மா விடாது. மிஷனரிக் கமிட்டிக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். ஜெபிக்கக் கமிட்டியில் நிறைய பேர் இருந்தார்கள். விதிகளைப் படிக்க ஆள் இல்லை. அவரை அனுப்பும்போது காவல்துறைச் சரிபார்ப்பு, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, சான்றிதழ்களுக்கு மேலொப்பம், விசா என்று எல்லாவற்றுக்கும் நடந்தவன் நான். கடைசியில் காட்பாடி சந்திப்பில் மாலை போட்டுப் பாட்டுப் பாடினோம். பாட்டு நீளமானது, ரயில் நிற்கும் நேரம் குறைவு. கடைசிச் சரணத்தைக் காலியான தண்டவாளத்தைப் பார்த்துப் பாடி முடித்தோம்.

அதன்பின் அவர் மாதாமாதம் எழுதுவார். வாட்ஸப்பில் வருவதை அச்செடுத்துக் கமிட்டியில் வாசிப்பது என் வேலை. ஒரு மிஷனரியின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கமிட்டி மனதில் ஒரு படம் வைத்திருந்தது. அதில் ஆறு, முதலை, மரத்தடிப் பிரசங்கம் எல்லாம் உண்டு. அவர் எழுதியது வேறு. குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கத் தலைநகரத்துக்குப் பஸ்ஸில் போனது, அங்கே வரிசையில் நின்றது, மதியத்துக்கு மேல் சன்னலை மூடிவிட்டு மறுநாள் வரச் சொன்னது. எனக்கு அதைப் படிக்கும்போது என் அலுவலகம் ஞாபகம் வந்து மனதுக்கு இதமாக இருந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்து, கைபேசி வெளிச்சத்தில் பிரசவம் பார்த்தது. மக்காச்சோளக் களிக்கு வீட்டிலிருந்து கொண்டுபோன சாம்பார் பொடியில் குழம்பு வைத்தது. உள்ளூர்ப் பெண்களுக்கு இரத்த அழுத்தம் பார்க்க, தையல் போட, மருந்து அளக்கக் கற்றுக்கொடுத்தது. இப்படியே போகும்.

“இதுல ஊழியம் எங்க சார் இருக்குது?” என்று பொருளாளர் கேட்டார். அவர் ஷூ கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் இருந்தவர். எதைக் கையில் கொடுத்தாலும் திருப்பிப் பார்த்து ஒரு குறை கண்டுபிடிப்பார்.

ஒருமுறை அங்கே புதிதாகக் கட்டிய பிரசவ வார்டின் படத்தை மிஷனரி அனுப்பியிருந்தார். வெள்ளை டைல்ஸ், வரிசையாகக் கட்டில்கள், சுவரில் கடிகாரம். பொருளாளர் அந்தப் படத்தையும் நிராகரித்தார்.

“இது நம்ம பேரணாம்பட்டு கிளினிக்க விட ஜோரா இருக்குது. இத ஸ்கிரீன்ல போட்டா யாருக்கு சார் கண்ணீர் வரும்? குடிசை கிடிசை இல்லியான்னு கேளுங்க.”

நான் கேட்கவில்லை. கேட்டதாகக் குறிப்பில் எழுதிவிட்டேன்.

இந்த வருடம் விடுமுறையில் வந்த சிஸ்டர், ஒரு நாள் காலையில் என் வீட்டுக்கு வந்தார். காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார்.

“அங்கிள், நான் திரும்பி வந்துடலாம்னு இருக்கேன்.”

“உடம்புக்கு ஏதாவது?”

“இல்ல, நல்லா இருக்கேன்.”

“அங்க யாராவது தொந்தரவு?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல அங்கிள். வேலை முடிஞ்சிடுச்சு. நான் சொல்லிக்குடுத்த பொண்ணுங்களே எல்லாம் பாத்துக்கறாங்க. ஹெட் நர்ஸே அந்த ஊரு பொண்ணுதான். என்னை விட ஸ்ட்ரிக்ட்டு. காலைல ரவுண்ட்ஸ் போனா, ‘சிஸ்டா, நீங்க உக்காருங்க’ன்னு சேர் போடறாங்க. பார்வையாளருங்க வந்தா போட்டோவுக்கு மட்டும் கூப்பிடறாங்க. நாப்பது வயசுல அலங்காரத்துக்கு உக்கார முடியல.”

வேலூரில் ஒரு நர்சிங் கல்லூரியில் பயிற்றுநர் வேலைக்கு அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஜூனில் சேர வேண்டும். அதற்குள் மிஷன் சங்கம் அவரை விடுவிக்க வேண்டும், சங்கம் விடுவிக்க எங்கள் கமிட்டி தீர்மானம் போட வேண்டும். தீர்மானம் இல்லாவிட்டால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும். இவர் அந்த நாற்காலிக்கே திரும்பிப் போக வேண்டியதுதான்.

நான் விதிகளை எடுத்துப் பார்த்தேன். அனுப்புவதற்குப் பக்கம் பக்கமாக இருந்தது. திரும்ப அழைப்பதற்கு மூன்றே காரணங்கள்: மரணம், தீராத நோய், ஒழுக்கக் கேடு. சிஸ்டர் மூன்றுக்கும் தகுதி பெறவில்லை. ஒரு வேலை நல்லபடியாக முடியக்கூடும் என்பது விதி எழுதியவர்களுக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது.

கமிட்டி கூடியது. சிஸ்டரையும் வரச் சொல்லியிருந்தோம். போதகர் தலைமை வகித்தார். அவர் நல்லவர், யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் இருப்பார். பெண்கள் சங்கத் தலைவி முதலில் பேசினார். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லாரையும் நாலாம் வகுப்பில் வைத்துத்தான் பேசுவார்.

“இன்னாம்மா இது, பாதியில விட்டுட்டு வர்றேன்னு? அந்தக் காலத்துல நம்ம ஊருக்கு வந்த வெள்ளைக்காரங்க திரும்பிப் போனாங்களா? இங்கயே மண்ணா போனாங்க. கல்லறைத் தோட்டத்துல போய்ப் பாரு.”

“எனக்கும் அங்க ஒரு இடம் பாத்து வெக்கறீங்களா ஆன்ட்டி?” என்றார் சிஸ்டர்.

போதகர் இருமினார். பொருளாளர் தம் பாணியில் கேட்டார். “ஷிப்மெண்ட் போயாச்சு. அங்க பாஸ் பண்ணிட்டாங்க. கம்ப்ளெயிண்ட் ஒண்ணும் இல்ல. அப்புறம் எதுக்கும்மா ரிட்டர்ன்? வாசல்ல போர்டு வேற இருக்குது. அத இன்னா பண்றது?”

“போர்டு இருக்கட்டும் அண்ணே. நான் வந்தாலும் எனக்கு ஜெபம் தேவைதான்.”

அப்போதுதான் பொருளாளர் விதிப் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, பின்பக்கத்தில் ஒரு வரியைக் கண்டுபிடித்தார். தரக் கட்டுப்பாட்டுக் கண். “பணித்தளம் காலியாக விடப்படலாகாது. மிஷனரி விலக நேர்ந்தால், அனுப்பிய சபையே மாற்று ஆளைத் தர முயல வேண்டும்.” அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டவர் மாதிரி உட்கார்ந்தார். “மாத்து ஆள் கெடைக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்.”

எல்லாருக்கும் நிம்மதி. மாற்று ஆள் கிடைக்கமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். மிஷனரி ஞாயிறு அடுத்த வாரம்தானே, அன்றைக்கே சபையில் கேட்டுவிடுவோம் என்றேன். விதி அப்படித்தான் சொல்கிறது. கேட்டதாகக் குறிப்பில் எழுத வேண்டாமா என்று போதகரும் தலையசைத்தார்.

மிஷனரி ஞாயிறைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயில் முழுக்கக் காகித உலக உருண்டைகள் தொங்கும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பல நாட்டு வேடத்தில் வருவார்கள். ஆப்பிரிக்கா வேடம் போட்ட பிள்ளைகளின் முகத்தில் மை பூசியிருந்தார்கள். எங்கள் பிள்ளைகளின் நிறத்துக்கு அந்தச் செலவு தேவையே இல்லை. சிஸ்டர் அந்தப் பிள்ளைகளைக் குழாயடிக்குக் கூட்டிப் போய் முகம் கழுவி விட்டு, “அங்க பசங்க இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில ஸ்கூலுக்குப் போறாங்கடா” என்றார். வேடம் கெட்டுவிட்டதாக ஒரு தாய் கோபித்துக்கொண்டார்.

பிரசங்கம் முடிந்ததும் வழக்கமான அழைப்பு. “யாரை அனுப்புவேன்? தம்மை ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நிற்கலாம்” என்று பிரசங்கியார் கேட்பார். ஆர்மோனியம் மெதுவாக வாசிக்கும். முதலில் முன் வரிசை எழும், பிறகு பெண்கள் பக்கம், கடைசியில் தூணோரம் சாய்ந்து தூங்கியவரும் எழுந்துவிடுவார். வருடா வருடம் சபை மொத்தமும் தன்னை ஒப்புக்கொடுத்துவிட்டு, ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு, நேரே பிரியாணிக்குப் போகும். யாரும் பொய் சொல்வதாக நினைப்பதில்லை. எல்லாரும் நிற்கும்போது ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பது நன்றாக இருக்காது, அவ்வளவுதான்.

இந்த வருடமும் எழுந்து நின்றார்கள். ஆசீர்வாதத்துக்கு முன்னால் அறிவிப்பு நேரம். நான் மைக்கைப் பிடித்தேன்.

“நின்றவர்கள் தயவுசெய்து அப்படியே நில்லுங்கள். நம் சிஸ்டருக்குப் பதிலாக ஒருவரை அனுப்ப வேண்டியிருக்கிறது. நர்சிங் படித்தவர்களுக்கு முன்னுரிமை. பாஸ்போர்ட் உள்ளவர்கள் வலது பக்கக் கதவருகே என்னைப் பார்க்கலாம். இல்லாதவர்களுக்குத் தட்கலில் ஏற்பாடு செய்து தருகிறேன். தடுப்பூசிக்கு வரும் வியாழக்கிழமை சென்னைக்குப் போகலாம்.”

இவ்வளவு வேகமாகச் சபை உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பெஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தம் போட்டன. ஆர்மோனியக்காரர் நின்றபடி வாசித்துக்கொண்டிருந்தவர், அவரும் உட்கார்ந்துவிட்டார்.

பிரியாணிப் பந்தியில் என் பக்கத்தில் உட்காரவே பயந்தார்கள். உட்கார்ந்தவர்களும் சாப்பாட்டை விட்டுவிட்டு விளக்கம் சொன்னார்கள்.

“அண்ணே, நான் கால் மரத்துப் போச்சேன்னு நின்னேன்.”

“எனக்கு சுகர் ஜாஸ்தி சார். அங்க கேழ்வரகு கெடைக்குமா? கெடைக்காதுல்ல?”

கம்பெனியில் மேற்பார்வையாளராக இருக்கும் ஒருவர் மட்டும் உண்மையான ஆர்வத்தோடு வந்தார். “என்னிக்கு கெளம்பணும் அங்கிள்?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் பின்னாலிருந்து அவர் மனைவி சட்டையைப் பிடித்தார். “வீட்டுக்கு வா, நான் கெளப்பறேன்.”

இதற்குள் பந்தியில் வேறு ஒரு பேச்சு ஓடத் தொடங்கியிருந்தது. எல்லாத் தகுதியும் உள்ள ஒரு ஆள் சபையில் இருக்கிறாரே என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பெண்கள் சங்கத் தலைவியின் மகள். பி.எஸ்ஸி. நர்சிங், திருமணம் ஆகவில்லை, அயர்லாந்துக்கு விண்ணப்பிப்பதற்காகப் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருக்கிறார். காலையில் முன் வரிசையில் நின்றவர், கண்ணை மூடி உருகிப் பாடியதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். கத்திரிக்காய்த் தொக்கைப் பரிமாறியவரே, “ஆண்டவர் ஏற்கெனவே ஆளைத் தயார் பண்ணிட்டாரு பாருங்க ஆன்ட்டி” என்று தலைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். தலைவி அதற்குமேல் சாப்பிடவில்லை.

மறுநாள் மாலை அவசரக் கூட்டம். கூட்டச் சொன்னது நானல்ல, தலைவி.

“ஐயா, நான் ராத்திரியெல்லாம் ஜெபம் பண்ணேன்” என்று ஆரம்பித்தார். “எத்தனை வருஷம் நாம அந்த ஜனங்களைக் கைக்குழந்தை மாதிரி தூக்கினு இருக்கறது? அவங்களே நடக்கக் கத்துக்க வேணாமா? நாம இன்னும் ஆள் அனுப்பினா அவங்களுக்குத்தான் அவமானம்.”

“அத்தத்தான் நானும் சொன்னேன்” என்றார் பொருளாளர். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவருடைய மருமகள் லேப் டெக்னீஷியன். அடுத்த பேச்சு அந்தப் பக்கம் திரும்பக்கூடும் என்று அவருக்குக் கணக்குத் தெரியும்.

“அப்ப சிஸ்டர்?” என்று போதகர் கேட்டார்.

“பாவம், அதுக்கும் வயசாவுதே ஐயா. கூப்பிட்டுக்கலாம். மெட்ராஸ்ல மிஷன் ஆபீஸ்ல கேட்டா, தளம் வளர்ந்துடுச்சுன்னு எழுதிடலாம்.”

எழுதுவது என் வேலை. ‘பணித்தளம் முதிர்ச்சி அடைந்ததை இக்கமிட்டி தன் தொலைநோக்கால் உணர்ந்து, பொறுப்பை உள்ளூர்ச் சகோதரிகளிடம் ஒப்படைக்கத் தீர்மானிக்கிறது’ என்று எழுதினேன். மாற்று ஆளுக்கு முயன்றோம் என்பதையும் சேர்த்தேன். முயன்றதற்குச் சபை மொத்தமும் சாட்சி. ஒருமனதாக நிறைவேறியது. தலைவி கையெழுத்துப் போட்ட அவசரத்தில் பேனா காகிதத்தைக் கிழித்துவிடும் போல இருந்தது.

நகலை எடுத்துக்கொண்டு மாதனூருக்குப் போனேன். கம்பெனி பஸ் ஆட்களை இறக்கிவிட்டுப் போகும் நேரம். சிஸ்டர் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். தீர்மானத்தை நின்றபடியே வாசித்தார். ‘தொலைநோக்கு’ வரும் இடத்தில் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

“ஜூன்ல சேந்துடலாமில்ல அங்கிள்?”

“சேரலாம். அதற்குள் ஒரு தடவை போய் ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். டிக்கெட் நான் பார்க்கிறேன்.”

உடனே அங்கே போன் போட்டார். அந்த ஊர் ஹெட் நர்ஸ் எடுத்தார். இருவரும் அந்த ஊர் பாஷையில் பேசினார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து பெரிய சத்தம் வந்தது. இத்தனை வருடம் கூடவே இருந்தவர், அழுகிறார் போலும் என்று நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன். சிஸ்டர் சிரித்தபடி போனை வைத்தார்.

“அழறாங்களா?”

“இல்ல அங்கிள். என் ரூமை என்னிக்கு காலி பண்றேன்னு கேக்கறா. தடுப்பூசி ஃபிரிட்ஜ் வெக்க எடம் பத்தலயாம்.”

“எப்போதிலிருந்து?”

“போன வருஷமே கேட்டா” என்று சொல்லிவிட்டு, மீதித் துணியை மடிக்க ஆரம்பித்தார்.