பலாவை மிரட்டிய காலை

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுப் புறவாசலில் ஒரு பலா நிற்கிறது. கல்யாணமான வருடம் என் மனைவி வைத்த கன்று. கால்வாய் பக்கத்திலேயே ஓடுவதால் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் வேரில் தண்ணீர் தேங்கினால் பலாவுக்கு ஆகாது என்று, மண் அணைத்து மேடு கட்டி வளர்த்தாள்.

ஒன்பது வருடத்தில் மரம் ஓட்டுக்கு மேலே போய்விட்டது. காய் மட்டும் இல்லை. தை பிறந்தால் விரல் நீளத்துக்குப் பிஞ்சு விடும். ஆசையாகப் பார்ப்போம். அத்தனையும் ஆண் பூ, கறுத்து விழுந்துவிடும். அவள் அதற்கெல்லாம் அலட்டிக்கொள்ள மாட்டாள். இலையைச் சுருட்டி, அதில் மாவை வைத்துக் கொழுக்கட்டை அவிப்பாள். மிச்ச இலை அடுத்த தெரு ஆடுகளுக்குப் போகும்.

எங்களுக்கும் பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்து, போதும் என்று அந்த வருடம்தான் நிறுத்தியிருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா கோடரியோடு வந்தாள். காய்க்காத மரத்தை மிரட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒருவர் வெட்டப் போவதுபோல் ஓங்க வேண்டும். இன்னொருவர் மரத்துக்காகக் கெஞ்ச வேண்டும். பயந்துபோய் மறுவருடம் காய்த்துவிடுமாம்.

"ஏலே, நீ ஓங்கு. 'இந்த ஒரு வருசம் பொறுங்க, அடுத்த வருசம் காய்ச்சிரும்'னு அவ சொல்லட்டும்," என்றாள், என் மனைவியைக் காட்டி. அம்மாவிடம் கள்ளமில்லை, அவள் நினைப்பெல்லாம் பலாச்சுளையில்தான்.

எனக்கோ நாடகம் என்றால் கொண்டாட்டம். கைச்சரக்கையும் சேர்த்துக்கொண்டேன். கோடரியின் பின்பக்கத்தால் அடிமரத்தைத் தட்டி, "ஒம்பது வருசமாச்சு! சும்மா நிக்கதுக்கா ஒனக்கு இவ்வளவு எடம்? ஒன்னயத் தள்ளிட்டு வேற ஒண்ண வச்சிருந்தா இந்நேரம் வீடு நெறஞ்சிருக்கும்!" என்று கத்தினேன்.

அவள் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வசனம் மறந்துவிட்டது என்று நினைத்து, "ம், சொல்லு," என்று வேறு அவசரப்படுத்தினேன். மடையன்.

அவள் மரத்துக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"காய்க்காட்டாலும் இருக்கட்டும்," என்றாள். "வெட்டாதீய."

நான் பேசியது அப்போதுதான் எனக்கே கேட்டது. அம்மா என் கையிலிருந்த கோடரியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"இருக்கட்டும்," என்றேன். "காய்க்காட்டாலும் இருக்கட்டும்."

அவளைப் பார்த்துத்தான் சொன்னேன், மரத்தின் பக்கம் நான் திரும்பவே இல்லை.