ஃப்ரிட்ஜில் வைத்த லேப்டாப்

திண்டுக்கல் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கம்ப்யூட்டருக்கு அடித்தளமாக ஓடும், பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதும் கெர்னல் என்ற நிரலில் திருத்தங்கள் எழுதி அனுப்புவேன். சம்பளம் கிடையாது, வீம்புக்கு மட்டும் குறைவில்லை. சத்தம் எழுப்பும் ஒரு சவுண்ட் சிப்பை இயக்கியதும், கண்ணிமைக்கும் நேரம் காத்திருக்கச் சொல்லும் வரி ஒன்றை அதில் பார்த்தேன். ஏன் காத்திருக்க வேண்டும் என்று ஒரு குறிப்பும் இல்லை. நீக்கினேன். அதே சிப் உள்ள என் பழைய லேப்டாப் வழக்கம்போலப் பாடியது. என் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை.

சில மாதம் கழித்து, பனி பெய்யும் நாட்டிலிருந்து ஒரு மெயில். எழுதியவருக்குக் கண்பார்வை இல்லை. திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டர் வாசிக்க, அதைக் கேட்டுத்தான் வேலை செய்கிறார். புதிய பதிப்பு வந்ததிலிருந்து காலையில் அது வாயே திறப்பதில்லையாம். தினமும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, நாலைந்து தடவை அணைத்துப் போட்டால்தான் பேசுகிறதாம். இங்கே நன்றாகத்தான் ஓடுகிறது என்று வெடுக்கென்று பதில் போட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

மதியம் சாப்பிடும்போது மனைவியிடம் புலம்பினேன். அவள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுப்பவள். ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, அவரு குளுருல கெடக்காரு. இங்க கொழாய்த் தண்ணியே சுடுது. உங்க லேப்டாப் என்னைக்காச்சும் குளுந்து பாத்திருக்கா?"

பார்த்ததில்லை. அவளே அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, இட்லி மாவை ஒதுக்கி, ஃப்ரிட்ஜில் வைத்தாள். சாயங்காலம் எடுத்து இயக்கினோம். சத்தமே இல்லை. மறுநாள் நீக்கிய வரியைத் திரும்பச் சேர்த்து, அதே மாதிரி குளிரவைத்து இயக்கினோம். முதல் தடவையே பாடியது.

செய்த மாற்றத்தை வாபஸ் வாங்கினால், ஏன் என்று எல்லோரும் படிக்க எழுதிவைப்பது எங்கள் வழக்கம். வெயில் ஊரில் மட்டும் சோதித்தேன், தப்பு என்னுடையது என்று எழுதினேன். கண்டுபிடித்தவர் என்று மெயில் எழுதியவர் பெயரையும், சோதித்தவர் என்று மனைவி பெயரையும் போட்டேன். அடுத்து வருகிறவர் கை வைக்காமலிருக்க, குளிரில் சிப் விழித்துக்கொள்ள நேரமாகும் என்ற காரணத்தையும் அந்த வரிக்கு மேல் சேர்த்தேன். மெயில் எழுதியவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன்.

திருத்திய பதிப்பு போய்ச் சேர்ந்ததும் அவர் பதில் எழுதினார். மனைவிக்கு வாசித்துக் காட்ட உட்கார்ந்தேன். "இன்று காலை நானே போட்டேன். யாரையும் கூப்பிடவில்லை." அதோடு லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினேன். மீதியை அவள்தான் வாசித்தாள்.